வாய் நிறைய ஆணி

“குழாய் போட்டாச்சுன்னா ஒரு வார்த்தைகூடப் பேச முடியாதா, டாக்டர்?”

“ஒரு எழுத்துகூட முடியாது. குரல் வர்ற இடத்துக்கு நடுவுலதான் குழாய் போகுது. காத்துக்கு வழி விட்டா பேச்சுக்கு வழி கிடையாது.”

“எத்தனை நாளைக்கு?”

“வீக்கம் வடியற வரைக்கும். நாலு நாள் ஆகலாம், பத்து நாள் ஆகலாம். அதுக்கு மேல கேட்காதீங்க.”

“எழுதிக் காட்டச் சொன்னா?”

“தூக்க மருந்துல வெச்சிருக்கோம். ரெண்டு கையிலயும் கட்டு வேற.”

“கண்ணைச் சிமிட்டினா ஆமா, சிமிட்டலைன்னா இல்லைன்னு வெச்சுக்கலாமா?” என்று மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

“தூங்கறவரு எதைக் கேட்டாலும் சிமிட்ட மாட்டாரு. எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் பதில் வரும்.”

“எங்க வீட்லயும் எல்லாத்துக்கும் அதே பதில்தான் டாக்டர். ஆனா முழிச்சுக்கிட்டே சொல்றாங்க.”

“கொசு, வாயை மூடு,” என்றார் டீச்சர்.

கொசு வாயை மூடிக்கொண்டான். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு அகலம். காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் வந்த பெயர் அது. டீச்சர் என்பது பழைய வேலை விட்டுச் சென்ற பெயர். பதினான்கு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது மற்றவர்கள் சொல்லும் கதைகளில் எந்த வரியில் விடை பிசகியது என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாக வைத்திருந்தார். கொசு அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவு தட்டுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது மூன்றும் அவன் பொறுப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோபா தைக்கும் பட்டறை வைத்திருக்கும் சோபாக்காரர் படுத்திருந்தார். தலைப் பக்கம் கட்டிலை உயர்த்தியிருந்தார்கள். வாயோரத்தில் பிளாஸ்திரியால் ஒட்டிய குழாய். முகம் வீங்கிப் பளபளத்தது. பெரிய கப்பலின் மேல்தளத்தில் யாரோ ஒருவர் உறங்க, கீழே எங்கோ இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பது போல இருந்தது அந்த அறை.

“வெளியில பார்த்தா பெரிய தீக்காயம் இல்லையே,” என்றார் டீச்சர்.

“அதான் ஏமாத்தும். தோல் வெந்தா கண்ணுக்குத் தெரியும். தொண்டை வெந்தா தெரியாது. அடைச்ச ரூம்ல சூட்டையும் புகையையும் இழுத்திருக்காரு. கொண்டு வந்தப்போ மீசையும் மூக்கு முடியும் கருகியிருந்துச்சு. எச்சில்ல கரி. குரல் கம்மியிருந்துச்சு. குரல் கம்மினா நாங்க காத்திருக்க மாட்டோம். உள்ள வீங்கிட்டே வரும். வழி அடைஞ்சதுக்கு அப்புறம் குழாய் போடவும் இடம் இருக்காது.” மருத்துவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். “நுரையீரல்ல கரி எவ்வளவு இருக்குன்னு கேமராக் குழாயை விட்டுப் பார்த்தோம். கழுவி எடுக்கறப்போ, வலது பக்கக் கிளையில இது மாட்டியிருந்துச்சு.”

சிறிய கண்ணாடிப் புட்டி. அதன் அடியில் ஒரு குட்டி ஆணி. அரிசி மணியைவிடச் சற்று நீளம், தட்டையான நீலத் தலை.

“ஆணியைச் சாப்பிடுவாரா?” என்றான் கொசு.

“சாப்பிட்டா வயித்துக்குப் போகும். இது மூச்சோட போயிருக்கு. திடீர்னு மூச்சை இழுத்தாத்தான் அப்படிப் போகும்.”

டீச்சர் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிள்ளைகளின் விடைத்தாளில் எதிர்பாராத இடத்தில் சரியான விடையைக் கண்டதுபோல நெடுநேரம் பார்த்தார்.

வெளியே நடைக்கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாமவர் ஒரு போலீஸ்காரர், தொப்பியை மடியில் வைத்திருந்தார். அடுத்தவள் சோபாக்காரரின் மனைவி. டீச்சரை வரவழைத்தது அவள்தான். மூன்றாவது அவளுடைய தம்பி.

இன்று காலை எட்டு மணிக்குச் சற்று முன் அவருடைய பட்டறை தீப்பிடித்தது. பஞ்சும் நுரை மெத்தையும் நிறைந்த அறை. உள்ளே சோபாக்காரர் மட்டும் இருந்தார். மாடியில் குடியிருந்த பெரியவர் தப்பி இறங்கும்போது படியில் உருண்டு இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பசை டப்பாவுக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தபடி சோபாக்காரர் வேலை செய்ததுதான் காரணம் என்று வழக்கு. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருப்பவன் இந்தத் தம்பிதான்.

“பாப்பா பிறந்த அன்னைக்கு சிகரெட்டை விட்டாரு,” என்றாள் மனைவி. “பதினோரு வருஷம் ஆச்சு. பொண்டாட்டி எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்கன்னு இவரு சொல்றாரு.” போலீஸ்காரர் தரையைப் பார்த்தார். “டீச்சர், பிழைக்கறதும் பிழைக்காததும் நம்ம கையில இல்லை. ஆனா அவரு கண்ணைத் திறக்கறப்போ முதல்ல பார்க்கறது என் முகமா இருக்கணும். விலங்கா இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேட்கறது.”

டீச்சர் தம்பியிடம் திரும்பினார். இருபத்தைந்து வயது இருக்கும். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தான்.

“நீங்க எங்க இருந்து பார்த்தீங்க?”

“எதிர் டீக்கடையில. சன்னல் வழியாத் தெரிஞ்சுது. மாமா வாயில சிகரெட்டோட குனிஞ்சு ஆணி அடிச்சிட்டிருந்தாரு.” அவன் குரல் சற்றுக் கரகரத்தது.

“தொண்டை என்னாச்சு?”

“தீயைப் பார்த்துக் கத்தினேன். கட்டிக்கிச்சு.”

“காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூட இறங்கலை இவனுக்கு,” என்று அக்கா வெந்நீர்க் குவளையை நீட்டினாள். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தான்.

“மீசையை எங்க தம்பி தொலைச்சீங்க?” என்றான் கொசு. “மேலுதடு மட்டும் வெயிலே படாம வளர்ந்த மாதிரி இருக்கு.”

“பிடிக்கலை. எடுத்துட்டேன்.”

“எனக்கும் என் தொப்பை பிடிக்கலை. எடுக்கத்தான் ஆள் கிடைக்கலை.”

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனம் முழுக்க அந்த நீலத் தலை ஆணியில் இருந்தது. “கொசு, வண்டியை எடு. பட்டறைக்குப் போகணும்.”

அப்போது மணி பத்து. அந்தப் பத்து மணியை டீச்சர் பின்னால் பலமுறை எண்ணிப் பார்க்கப் போகிறார்.

பட்டறையில் சுவர்கள் கறுத்திருந்தன. துணியும் நுரையும் எரிந்துபோய், சோபாக்களின் சுருள் கம்பிகள் மட்டும் வரிசையாக நின்றன. தண்ணீர் வற்றிவிட்ட கடலில் அலைகள் மட்டும் மிஞ்சியதுபோல. நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார் ஓட்டைப்பல்.

இருபது வருடமாகச் சோபாக்காரரோடு வேலை செய்பவர். முன் பற்கள் இரண்டுக்கும் நடுவே, எலி கொறித்ததுபோல ஒரு பள்ளம். உள்ளங்கையில் புதுக் கட்டு.

டீச்சர் முகவுரை எதுவும் வைக்கவில்லை. “ஆணி அடிக்கறப்போ ஆணியை எங்க வெச்சுப்பீங்க?”

“எங்க வெச்சுப்பாங்க? வாயிலதான்.”

“வாயிலயா!” என்றான் கொசு.

“பின்ன? ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கணும். இன்னொரு கையில சுத்தியல். ஒவ்வொரு ஆணிக்கும் டப்பாவுக்குள்ள கையை விட்டா, ஒரு சோபா முடியறதுக்குள்ள என் பேத்திக்குக் கல்யாணம் முடிஞ்சிடும்.”

“செஞ்சு காட்டுங்க.”

ஓட்டைப்பல் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூலையில் எரியாமல் தப்பிய டப்பாவிலிருந்து ஒரு பிடி நீலத் தலை ஆணிகளை வாயில் கொட்டிக்கொண்டார். கன்னம் புடைத்தது. நாக்கு உள்ளே வேலை செய்வது தாடையில் தெரிந்தது. உதடுகளுக்கு நடுவே ஒரே ஒரு ஆணி, தலை முன்னால் இருக்கும்படி எட்டிப் பார்த்தது. சுத்தியலின் காந்த முனையை உதட்டருகே கொண்டுபோனதும் ஆணி தாவி ஒட்டிக்கொண்டது. மரச் சட்டத்தில் ஒரு தட்டு, திருப்பிப் பிடித்து இன்னொரு தட்டு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டில் தயாராக இருந்தது.

“நானும் ஒண்ணு,” என்று கொசு ஓர் ஆணியை நாக்கில் வைத்தான். உடனே தும்மல் வர, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீரோடு துப்பினான். “டீச்சர், நான் நம்ம வேலையையே பார்த்துக்கறேன்.”

“உன் பாக்கெட்ல இருக்கிற சிகரெட்டைக் குடு.”

“நான்தான் விட்டுட்டேனே.”

“சட்டைப் பாக்கெட். இடது பக்கம்.”

“இது பிடிக்கறதுக்கு இல்லை. மோந்து பார்க்கறதுக்கு.” அவன் நசுங்கிப்போன ஒற்றைச் சிகரெட்டை எடுத்துக் கொடுத்தான்.

டீச்சர் அதை ஓட்டைப்பல்லிடம் நீட்டினார். “பத்த வைக்க வேண்டாம். சும்மா உதட்டுல வெச்சுக்கிட்டு இதே வேலையைப் பண்ணுங்க.”

ஓட்டைப்பல் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆணிகளைக் கையில் துப்பினார். “உதட்டுல ஆணி வரணுமா, சிகரெட் வரணுமா? ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். எங்க தொழில்ல சிகரெட் பிடிக்கறவன் ஆணியைத் துப்பிட்டு, வெளியில போயித்தான் பிடிப்பான். உள்ள சொலூஷன் டப்பா இருக்கில்ல? பசைங்க. அதோட வாடை பட்டாலே நெருப்புப் பிடிச்சுக்கும்.”

“அவரோட நுரையீரல்ல ஒரு ஆணி இருந்துச்சு,” என்றார் டீச்சர் மெதுவாக. “நெருப்பு பக்குனு எழுந்தப்போ அவரு வாய் நிறைய ஆணியோட வேலை பார்த்திட்டிருந்தாரு. திடுக்கிட்டு மூச்சை இழுத்தாரு. ஆணி உள்ள போச்சு. அந்த வாயில சிகரெட்டுக்கு இடம் இல்லை.”

கொசு விசில் அடித்தான். “அப்போ அந்தத் தம்பி கண்ணாடி போடணும்.”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. சிகரெட்டையும் பார்த்திருக்கான். எந்த வாயிலன்னுதான் மாத்திச் சொல்றான்.”

ஓட்டைப்பல் முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கையில என்ன?”

“எட்டு மணிக்கு பஸ்ல இருந்து இறங்கி ஓடி வந்தேன். முன் ஷட்டர் பூட்டியிருந்துச்சு. பக்கக் கதவோட தாழ்ப்பாளைத் திறந்தேன். கொதிச்சுது. தோல் ஒட்டிக்கிச்சு.”

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“வெளியில.”

டீச்சர் போய் அந்தக் கதவை உட்பக்கமிருந்து பார்த்தார். இடுப்பு உயரத்தில், கறுத்த மரத்தில், வட்ட வட்டமாகப் பதினைந்து இருபது பள்ளங்கள். சுத்தியல் முனையின் அளவு. கத்த முடியாதவர் தட்டியிருக்கிறார்.

“யாரு வெளியில தாழ்ப்பாள் போடுவாங்க?” என்று கேட்டார். குரல் தணிந்துவிட்டிருந்தது.

“எல்லாரும் போடுவோம். வெளியில போறவன் போட்டுட்டுத்தான் போகணும். இல்லைன்னா காத்துல கதவு திறந்துக்கும், பஞ்சுத்தூள் பறந்து மாடியில காயற துணி மேலெல்லாம் ஒட்டிக்கும். அந்த வீட்டம்மா தெருவையே கூட்டிடும். உள்ள ஆளு இருந்தாலும் போடுவோம். அவன் ரெண்டு தட்டுத் தட்டினா யாராவது திறப்பாங்க. யோசிச்செல்லாம் போடறதில்லை. கை தானாப் போடும்.”

“இன்னைக்குக் காலையில உள்ள யாரெல்லாம் இருந்தாங்க?”

“நான் எட்டு மணிக்குத்தான் வருவேன். ஏழுலேர்ந்து அவரும், அவரு மச்சானும்.”

வெளியே வந்ததும் கொசு விரல்விட்டு எண்ணினான். “தாழ்ப்பாள் வெளியில. மாமா உள்ள. மச்சான் எதிர்ல. அஞ்சாங் கிளாஸ் கணக்கு டீச்சர். பயலை அமுக்கிடலாம்.”

டீச்சர் ஏற்கெனவே சோபாக்காரரின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். “உங்க தம்பி அங்க இருக்காரா? ஒரு நிமிஷம் அவர்கிட்ட குடுங்க.”

அந்தப் பக்கம் போன் கை மாறியது. “ஹலோ” என்று வந்தது. அதைக் குரல் என்று சொல்ல முடியாது. காகிதத்தைக் கசக்கும் ஓசை. அதற்குப் பின்னால், அவன் மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம், பூட்டிய வீட்டின் சாவித் துளையில் காற்று நுழைவதுபோல ஒரு மெல்லிய சீழ்க்கை.

டீச்சர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

“தம்பி, உடனே டாக்டரைப் பாருங்க. அக்காகிட்ட போனைக் குடுங்க. தம்பி!”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி எண்ணுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“தப்பிச்சு ஓடப் போறானா?” என்றான் கொசு, வண்டியை உதைத்தபடி.

“அவனால எங்கயும் ஓட முடியாது. அதான் எனக்குப் பயமா இருக்கு. மீசை, குரல், உள்ள வீங்கற தொண்டை. டாக்டர் உள்ள வரிசையாச் சொன்னாரு. அஞ்சு நிமிஷத்துல அதே வரிசை நடைக்கூடத்துல என் முன்னாடி உட்கார்ந்திருந்துச்சு. நான் ஆணியைப் பார்த்திட்டிருந்தேன்.”

“நான்கூட மீசையைப் பார்த்தேன் டீச்சர். ஜோக் அடிச்சுட்டு விட்டுட்டேன்.”

கொசு வண்டியை விரட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டிகள் ஒவ்வொன்றாக, அவசரமே தெரியாத மாடுகளைப் போலப் போய்க்கொண்டிருந்தன. டீச்சர் நான்கு முறை ஆஸ்பத்திரியை அழைத்தார். ஐந்தாவது முறை யாரோ எடுத்து, தீக்காயப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லி, பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொசு ஐம்பத்தெட்டுப் பெட்டிகள் எண்ணினான். எண்ணுவதைத் தவிரச் செய்வதற்கு எதுவும் இல்லை.

நடைக்கூடத்தில் தம்பி பெஞ்சின் நுனியில், இரண்டு முழங்கால்களிலும் கையை ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. விழுங்க முடியவில்லை. அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்துமா மாதிரி இருக்கு டீச்சர். சின்ன வயசுல இருந்துச்சு. டாக்டரைக் கூப்பிடவே வேணாங்கறான். போனைப் பிடுங்கி அணைச்சுட்டான்.”

கொசு அறைக்குள் ஓடி மருத்துவரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வந்தான். மருத்துவர் ஒரு பார்வை பார்த்தார். சீழ்க்கையைக் கேட்டார். “காலையில தீயில இருந்தாரா?”

தம்பி தலையை ஆட்டினான். இல்லை. பக்கத்தில் போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்லைன்னா ஒவ்வாமையா? எதையாவது முழுங்கினாரா? எதுக்கு எந்த மருந்துன்னு நான் தெரிஞ்சுக்கணும். உள்ள இருந்தீங்களா, இல்லையா?”

“நான்... உள்ள... போகலை.”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது. ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிடக் குறுகலாக வந்தது. பொய்யைச் சொல்லி முடிக்கவே அவனிடம் காற்றுப் போதவில்லை.

டீச்சர் தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அவன் மூக்கில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ குழந்தைகளுக்குச் செய்த பழக்கத்தில். “சிந்துப்பா.”

அவன் யோசிக்காமல் சிந்தினான்.

கைக்குட்டையை விரித்தார். மையை ஊற்றியதுபோலக் கறுப்பு.

“டீக்கடையில நின்னவங்க மூக்குல இவ்வளவு கரி வராது,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கண்டுபிடித்த பெருமையும் அதில் இல்லை. “மீசை கருகிப் போச்சு. அதான் எடுத்தீங்க. இனிமே இல்லைன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்லை தம்பி. சொல்லச் சொல்ல உங்களுக்குத்தான் வழி அடைஞ்சிட்டு வருது.”

அக்காவின் கை அவன் முதுகில் அப்படியே நின்றது.

தம்பி கண்களை மூடினான். தலை கீழே தொங்கியது. பிறகு மேலும் கீழும் ஒருமுறை அசைந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எதுவும் போதிய வேகத்தில் நடக்கவில்லை. தள்ளுக்கட்டில் வந்தது. படுக்க வைத்தால் திணறினான். உட்கார்ந்த நிலையிலேயே தள்ளிப்போனார்கள். ஆக்சிஜன் முகமூடி. அதற்குள் ஆவியாகச் சீறும் மருந்து. சோபாக்காரரின் அறையில் காலியாக இருந்த அடுத்த கட்டிலில்தான் அவனை ஏற்றினார்கள். வேறு இடம் இல்லை. போலீஸ்காரர் வாசலில் நின்றார். குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். எழுதவில்லை.

“இருக்கிறதுலயே சின்னக் குழாயா எடுங்க,” என்று மருத்துவர் தாதியிடம் சொன்னார். “அதுக்கு ஒண்ணு கீழயும் எடுத்து வைங்க. கழுத்துல வழி போடற தட்டையும் திறந்து வைங்க. மேல போகலைன்னா நேரா அங்கதான்.”

“காலையில பத்து மணிக்கே இவரை நான் உங்ககிட்ட கூட்டிட்டு வந்திருந்தா?” என்று டீச்சர் கேட்டார்.

மருத்துவர் கையுறையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார். “பத்து மணிக்கு வந்திருந்தா சிரிச்சுப் பேசிக்கிட்டே போட்டிருப்பேன். இப்ப உள்ள போக இடம் இருக்கான்னே தெரியலை.”

டீச்சர் சுவரோரம் நகர்ந்து நின்றார். கணக்குச் சரியாக வந்துவிட்டது. வழக்கு முடிந்துவிட்டது. சோபாக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று யாருக்கு வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். அந்த அறையில் அதைக் கேட்க யாருக்கும் காது இல்லை.

“யாராவது பேசணும்னா இப்பவே பேசிடுங்க,” என்றார் மருத்துவர். “மருந்து ஏத்த ஒரு நிமிஷம் இருக்கு. அதுக்கப்புறம் இவரும் பக்கத்துல இருக்கிறவரு மாதிரிதான்.”

அக்கா இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நின்றாள். ஒரு பக்கம் கணவனின் இயந்திரம் தாளம் தவறாமல் மூச்சு விட்டது. மறுபக்கம் தம்பியின் சீழ்க்கை.

“சிகரெட் யாரோடது?”

அவன் முகமூடியைச் சற்று நகர்த்தினான். “என்னோடது... மாமா பின்னாடி... திரும்பி இருந்தாரு... பசை டப்பா... பத்திக்கிச்சு.”

“அணைக்கலையா?”

“வாளித் தண்ணி... ஊத்தினேன். ஆவி... முகத்துல... கண்ணு தெரியலை. ஓடினேன்.”

“கதவைத் தாழ்ப்பாள் போட்டியாடா?”

“தெரியாது அக்கா... கை... போட்டிருச்சு.”

அவள் குரல் எழும்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலத்தான் கேட்டாள். “அவரு தட்டினாரா?”

தம்பி மேற்கூரையைப் பார்த்தான். சீழ்க்கை இரண்டு முறை உள்ளே போனது, வெளியே வந்தது.

“தட்டினாரு.”

“நீ எங்க இருந்தே?”

“அங்கயேதான்... கதவுக்கு வெளிய. தொட்டேன்... சுட்டுச்சு. பயமா... போயிட்டேன்.”

வாசலில் கொசு தன் பெரிய உடம்பைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

“நேரமாச்சு,” என்றார் மருத்துவர். தாதி ஊசியை நரம்புக் குழாயில் பொருத்தினாள். வெள்ளை மருந்து பால் போல மெதுவாக இறங்கத் தொடங்கியது.

அக்கா அசையவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தன. அவள் பார்வை தம்பி மேலும் இல்லை, கணவன் மேலும் இல்லை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவே, தரையில் எங்கோ இருந்தது.

தம்பியின் கை போர்வைக்கு மேலே எழுந்தது. விரல்கள் விரிந்தன.

“அக்கா... நான் தூங்கற வரைக்கும்... கையைப் பிடிச்சுக்கறியா?”